தொடை எலும்பின் நீளம்

கண்ணு,

இதைப் போனில் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. போனில் நாம் இருவருமே அளவுக்கு மீறி மரியாதையாகிவிடுகிறோம். நீ சரிங்கம்மா என்கிறாய், நான் சரி கண்ணு என்கிறேன், பேச வேண்டியது அப்படியே கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன். இதை நித்யாவும் படிக்கட்டும். அவள் அம்மாவும் படிக்கட்டும். வேறு யார் கையில் கிடைத்தாலும் கவலையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலில், மாசமாக இருக்கும் உன் மனைவி நித்யாவுக்கு வளையல் போட்டுக் கட்டுச்சோறு விருந்து வைக்கிறார்கள். அதற்கு நான் வரப்போவதில்லை என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தது யார் என்று கேட்டால் எல்லோரும் என்னைக் காட்டுவார்கள். அது உண்மையும்கூட.

நடந்ததை வரிசையாக வைக்கிறேன். போன வாரம் ஸ்கேன் எடுத்த டாக்டர், குழந்தையின் தொடை எலும்பு மாதத்துக்கு ஏற்ற நீளம் இல்லை என்றார். குடும்பத்தில் யாராவது ரொம்பக் குட்டையா என்று கேட்டார். எங்கம்மா என்றாய். எவ்வளவு என்று கேட்டிருப்பார், நீ கையால் காட்டியிருப்பாய், உன் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே. நித்யாவின் அம்மாவும் அங்கே இருந்தார். அந்தக் கை நின்ற உயரத்தை அவரும் பார்த்திருப்பார். நித்யாவின் ரத்தம் இப்போது வெளியூர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இருக்கிறது. முடிவு வர அடுத்த வாரக் கடைசி ஆகிவிடும் என்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்குத் தெரியும். உனக்குத்தான் புதிது.

ஸ்கேனுக்கு மறுநாள் சம்பந்தியம்மா சிங்காநல்லூர் வந்தார். நீ அனுப்பவில்லை என்று தெரியும். ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்தார். அவர்கள் ஊர்க்காய். எனக்கு நேரே உட்காராமல் சற்றுத் தள்ளி, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். முதுகு வலியை விசாரித்தார். கல்லூரியை விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, கட்டுச்சோறு மொறப்படி உங்கூட்டுலதான் வெக்கோணும். தெரியாம இல்லீங்க. ஆனா உங்களுக்கு எதுக்குங்க அத்தன சிரமம்? எங்கூட்டுலயே வெச்சுக்கறமுங்க."

"ஆகட்டுங்க."

"முதுகு வலியோட அத்தன தொலவு பஸ்ஸுல வந்து அவஸ்தப்பட வேண்டாமுங்க. இங்கிருந்தே மனசார ஆசீர்வாதம் பண்ணிப்போடுங்க, போதும்."

"ஆகட்டுங்க."

வாசல் வரை போனவர் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "மாசமா இருக்கறவ நல்லதையே பாத்துட்டு இருக்கோணுமுன்னு எங்க நாத்தனா சொல்றாங்க. நான் சொல்லலீங்க."

அதற்கும் நான் ஆகட்டுங்க என்றேன்.

உன் அப்பா பட்டறையிலிருந்து சாப்பிட வந்தார். கையெல்லாம் மோட்டார் கிரீஸ். கேட்டுக்கொண்டே கையைக் கழுவினார். பிறகு, "நீ என்னத்துக்கு ஆகட்டுமுன்ன?" என்றார்.

"அவங்க அத்தன மரியாதையாக் கேக்கறப்ப என்னங்க சொல்றது?"

"ஒருத்தி கன்னத்துல அறைஞ்சுபோட்டு ‘ங்க’ போட்டா, நீ அடுத்த கன்னத்தையும் காட்டி ஆகட்டுங்கம்பியாட்ட இருக்குது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முருங்கைக்காயைக்கூடத் தொடவில்லை. உன் அப்பாவுக்கு முருங்கைக்காய் என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் நீ பேசினாய். "ஏனுங்கம்மா, நீங்களே வரலீன்னு சொல்லீட்டீங்களாமா?" என்றாய். ஆமா கண்ணு என்றேன். நீ மறுப்பாய் என்று காத்திருந்தேன். நீ மூச்சு விட்டது கேட்டது. அது நிம்மதியா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் மூச்சு புரியாமல் போனது எனக்கு அதுவே முதல் தடவை. பிறகு, "அம்மா, ஒருவேள அது உங்களாட்டவே இருந்துச்சுன்னா..." என்றாய். அதோடு நிறுத்திவிட்டாய். டவர் போய்விட்டது என்றாய். டவர் போகவில்லை.

உனக்கு நான் பாடம் நடத்தியதே இல்லை. காலேஜில் முப்பது வருஷமாக விலங்கியல் நடத்துகிறேன், வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. என் உடம்பைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டாய். இப்போது கேட்டுக்கொள். கை கால் எலும்புகளின் முனைக்கருகே குருத்தெலும்புச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவை பிரிந்து, பெருத்து, பிறகு எலும்புக்கு இடம்விட்டு மறையும். அதுதான் உயரம். எவ்வளவு பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவை தாமாக முடிவு செய்வதில்லை. வளர்ச்சிக் காரணிகள் என்று சில புரதங்கள் வெளியிலிருந்து வந்து செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் அமரும். அமர்ந்ததும் உள்ளே செய்தி போகும். பெயர்தான் வளர்ச்சிக் காரணி. இந்த இடத்தில் அவற்றில் ஒன்று கொண்டுவரும் செய்தி, போதும் என்பது. எல்லோருக்கும் அந்தச் செய்தி அளவாக வருகிறது. என் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் என் செல்களின் ஏற்பி, காரணி வந்து அமராதபோதும் அமர்ந்துவிட்டது போலவே நடந்துகொள்கிறது. யாரும் சொல்லாத ‘போதும்’ என்பதை அது ஓயாமல் உள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் குட்டையாக இருப்பதற்கு இவ்வளவுதான் காரணம். பாவமும் இல்லை, கிரகணமும் இல்லை.

என் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. லேத் ஓட்டியவர். எலும்பை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், இழுத்தால் வரும் என்று நினைத்தார். ஒரு இரும்புக் குழாயை வழவழப்பாகக் கடைந்து நிலைப்படியில் மாட்டினார். தினமும் காலையில் என்னைத் தூக்கி அதில் தொங்கவிடுவார். கை வலிக்கும் வரை தொங்குவேன். அவர் கீழே நின்று, விழுந்தால் பிடிக்கக் கைகளை விரித்துக்கொண்டே இருப்பார். வாசலில் போகிறவர்கள், "ஏனுங்க, புள்ளைய ஒட்டடையாட்ட தொங்க உட்டிருக்கீங்க" என்பார்கள். ஒருநாள் நான் தொங்கியபடியே தூங்கிப்போய் அவர் மேல் விழுந்தேன். அன்றைக்கே குழாயைக் கழற்றிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அவர் நினைத்ததில் பாதி சரிதான். ஏதோ பிடித்துத்தான் வைத்திருந்தது. அது அவர் கை எட்டும் இடத்தில் இல்லை.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நான் செய்த வேலையும் இதைச் சார்ந்ததுதான். பல்லடம் பக்கத்துக் கோழிக்குஞ்சுப் பண்ணையிலிருந்து கருவுற்ற முட்டைகள் வரும். ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டுவோம். உள்ளே கரு, சிவப்பு நூல்கள் நடுவே ஒரு துடிப்பு. இறக்கை முளைக்கும் இடம் ஒன்று, கால் முளைக்கும் இடம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே வெறும் விலா. அந்த விலாவில் வளர்ச்சிக் காரணியில் ஊறிய மணி ஒன்றை வைப்பேன். கடுகைவிடச் சிறிய மணி. ஜன்னலை ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நாள் கழித்துத் திறந்தால் அந்த இடத்தில் இன்னொரு உறுப்பு முளைத்திருக்கும். மணியை இறக்கைப் பக்கம் வைத்தால் பெரும்பாலும் இறக்கை, கால் பக்கம் வைத்தால் கால். விலாவாக முடிந்திருக்க வேண்டிய செல்கள் அவை. கால் ஆவதற்கு வேண்டியதெல்லாம் அவற்றிடம் ஏற்கெனவே இருந்தது. ஒரு சொல் வராததால் விலாவாக இருந்தன.

மேஜை எட்டாமல் பலகை மேல் ஏறி நின்றுதான் அதைப் பார்த்தேன். வெகு நேரம் பார்த்தேன். என் எலும்பு முனையில் போதும் என்று சொல்லும் காரணியும், இந்த முட்டைக்குள் முளை என்று சொல்லும் காரணியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கேட்கிற செல் எது, அது எந்த வயதில் இருக்கிறது, அதற்கு முன்பு என்ன நடந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதே செய்தி ஓரிடத்தில் உறுப்பாகிறது, ஓரிடத்தில் நின்றுபோகிறது. என் ஆகட்டுங்க இந்த வாரம் என்ன ஆயிற்று என்று பார். சம்பந்தியம்மாவுக்கு அது சம்மதம். உனக்கு ஒரு பிரச்சினை தீர்ந்தது. நித்யாவுக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

நீ வயிற்றில் இருந்தபோது நீ என்னைப் போல ஆகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. அப்போது இப்படி ரத்தம் அனுப்பிப் பார்க்கும் வசதி இல்லை. ஸ்கேன் மட்டும்தான். உன் தொடை எலும்பை அளந்துவிட்டு டாக்டர் என் தோளைத் தட்டினார். நல்ல செய்தி, உங்களைப் போல இல்லை என்றார். அழுதேன், சந்தோஷத்தில். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதுதான் அந்த வாக்கியம் முழுதாகக் காதில் விழுந்தது. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், "அந்தாளு எலும்பப் பாத்தாரு, வேற என்னத்தப் பாத்தாரு, விடு" என்றார். விட்டுவிட்டேன்.

உனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும், என் உயரத்துக்கு வந்துவிட்டாய். உடுமலைப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் முகத்தைப் பார்க்காமல் தலைகளைப் பார்த்து இரண்டு அரை டிக்கெட் கிழித்தார். நான் திருத்துவதற்குள் நீ எழுந்து நின்றுகொண்டாய். "அவங்க எங்கம்மா! காலேஜ் டீச்சர்!" என்று கத்தினாய். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் அசரவில்லை. "அட, அப்படீங்களா? டீச்சரம்மாவுக்கு முழுசா ஒண்ணு போட்டர்லாம். சத்தம் போடற தம்பிக்கும் முழுசு போட்டர்லாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ உடுமலை வரை உட்காரவே இல்லை, யாராவது ஏதாவது சொன்னால் சண்டைக்கு நிற்க. எங்கம்மா என்று நீ அன்று சொன்னதையும், ஸ்கேன் அறையில் டாக்டரிடம் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். குற்றம் சொல்லவில்லை. அன்று உன்னிடம் இழக்க ஒன்றுமில்லை. இன்று இருக்கிறது.

நேற்று நித்யா என்னைப் போனில் அழைத்தது உனக்குத் தெரியாது. அவள் வீட்டுக்குத் தெரியாமல் மாடிக்குப் போய்ப் பேசினாள். துணி காய்கிற சத்தம் கேட்டது, காற்றில் படபடவென்று. எடுத்ததும், "ஏனுங்கத்தை, பள்ளிக்கூடத்துல பெஞ்சு எட்டுமுங்களா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளும் யார் காரணம் என்றுதான் கேட்க வருகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "அம்மணி, இது எங்கிட்டிருந்து வந்திருக்கவே முடியாது" என்று தொடங்கினேன். இது மறைந்திருந்து பேரப்பிள்ளையிடம் வெளிப்படுகிற வகை இல்லை, இருந்தால் உடம்பில் தெரியும், உன் புருஷனிடம் இல்லை என்பது அவனைப் பார்த்தாலே தெரிகிறது என்றேன். தொடை எலும்பு குட்டையாகத் தெரிய வேறு எத்தனையோ காரணம் இருக்கும் என்றேன். அப்படியே இதுதான் என்றாலும் அது அந்தக் குழந்தையிடம் புதிதாக வந்த மாற்றமாக இருக்கும், என் அப்பா அம்மா நெட்டை, எனக்கும் அப்படித்தான் வந்தது என்றேன். எல்லாம் சரியான அறிவியல். வகுப்பில் சொன்னால் கேள்வியே வராது. அவள் கடைசி வரை கேட்டாள்.

"அது செரிங்கத்தை. நான் அதைக் கேக்கலீங்க. காலு கீழ எட்டாம நாளெல்லாந் தொங்கீட்டே இருந்தா மரத்துப்போகாதுங்களா? நீங்க என்ன பண்ணுனீங்க?"

ஒரு வாரமாக நாங்கள் எல்லோரும் யாரிடமிருந்து என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவள் ஒருத்தி மட்டும் அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடம் வரை வளர்த்துக் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள். நானோ என்னை விடுவித்துக்கொண்டிருந்தேன். என்மேல் பழி இல்லை என்று அவ்வளவு நேரம் நிரூபித்தேன். பழி என்ற சொல்லை முதலில் நான்தான் ஒப்புக்கொண்டேன். என்னைப் போல இருப்பது ஒரு குற்றம், அதை நான் செய்யவில்லை. நான் அவளிடம் சொன்னதன் சாரம் அதுதான். உன்னை அளந்த டாக்டர் அன்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிறகு அவளுக்குப் பதில் சொன்னேன். மரத்துப்போகும் என்றேன். முதுகும் வலிக்கும். என் அப்பா கழற்றிய குழாயை வளைத்து, பெஞ்சில் மாட்டிக் கால் வைக்கிற மாதிரி ஒரு தாங்கி செய்து பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தார் என்றேன். இதப் பாத்தா எல்லாப் புள்ளைகளும் கேக்குமுங்களே என்று டீச்சர் மறுத்தார். "கேக்கட்டுங்க, எல்லாத்துக்கும் பண்ணித் தாரேன்" என்று அப்பா சொன்னார். நித்யா சிரித்தாள். பிறகு தண்ணீர்க் குழாய் எட்டுமா, பஸ் படி எப்படி ஏறுவது, பிரசவத்தில் என்ன கஷ்டம், எந்த வயதில் நடந்தீர்கள், காது வலி வருமா என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னை இதையெல்லாம் கேட்டதில்லை. இப்போது செல்களின் அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்துகிற ஊசி வந்திருக்கிறது என்பதையும் சொன்னேன். அதைப் போடுவதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு டாக்டரோடு பேசிக்கொள்ளுங்கள். நான் எந்தப் பக்கமும் நிற்க மாட்டேன்.

நீ பாதியில் விட்ட வாக்கியத்துக்கு வருகிறேன். அது என்னைப் போலவே இருந்தால், தன்னைப் போல இன்னொரு ஆள் இருப்பதைப் பிறந்த நாள் முதலே பார்த்து வளரும். எனக்கு அது கிடைக்கவில்லை. வயசுக்கு வந்த பிறகும் என்னைப் போன்ற பெரியவர் ஒருவரை நான் நேரில் கண்டதில்லை. பெரியவளானால் எப்படி இருப்பேன், வேலைக்குப் போவேனா, சமைப்பேனா, பிள்ளை பெறுவேனா என்று தெரிந்துகொள்ளப் பார்க்க ஆளில்லை. என்னைப் போல இல்லாவிட்டால், உன்னைப் போல நெட்டையாக வளர்ந்து அலமாரி மேலிருப்பதை எனக்கு எடுத்துக்கொடுக்கும். பதில் இவ்வளவுதான். நீ வேறு எதைக் கேட்க வந்தாய் என்றும் தெரியும். அதை நித்யாவிடம் கேட்காதே. அவள் பெஞ்சைப் பற்றிக் கேட்டால் பெஞ்சைப் பற்றிச் சொல்.

இன்று காலை சம்பந்தியம்மாவை அழைத்தேன். உன் அப்பா பக்கத்திலேயே நின்றார், நான் மறுபடி வழுக்கிவிடுவேன் என்று.

"ஏனுங்க சம்பந்தி, அன்னைக்கு நான் ஆகட்டுமுன்னு சொன்னது தப்புங்க. ஞாயித்துக்கெழம நான் வாரேனுங்க."

அந்தப் பக்கம் யாரையோ அடுப்பைப் பார்க்கச் சொன்னார். பிறகு, "உங்க இஷ்டமுங்க. நான் என்னத்தச் சொல்றது? எங்க நாத்தனா ஏதாச்சும் நெனச்சுக்குவாங்களோன்னுதான்..." என்றார்.

"நெனச்சுக்கட்டுங்க. அவங்க பக்கத்துலயே எனக்கொரு சேர் போட்டுருங்க."

உன் அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தியம்மா போனை வைக்கவில்லை. சின்னக் குரலில், "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மரியாதைக்கு அடியில் இருந்த மனுஷி தெரிந்தார். எனக்கும்தானுங்க என்றேன்.

ரத்தத்தின் முடிவு வந்த பிறகு வரலாமே என்று நீ நினைப்பாய். அதுவே எல்லோருக்கும் வசதி. இல்லை என்று வந்தால் பழி நீங்கியவளாக உள்ளே வருவேன். ஆமாம் என்று வந்தால் காரணமாக வருவேன். இரண்டாகவும் வர எனக்கு விருப்பமில்லை. முடிவு தெரியாத இந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் நான் வெறும் அப்பத்தாவாக வர முடியும். அப்பாவுக்குப் பட்டறையில் அவசர வேலை, மத்தியானத்துக்குள் வந்துவிடுவார். நான் சிங்காநல்லூரில் காலை பஸ் ஏறுகிறேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வா. உனக்கு வேகமாக நடக்கிற பழக்கம். அன்று மட்டும் என் நடைக்கு நட. அவர்கள் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும், திரும்பிப் பார்க்கும், பேச்சு நின்றுபோகும். அப்போது நீ முன்னால் போய்விடவும் வேண்டாம், என்னை மறைத்து நிற்கவும் வேண்டாம்.

நேரே நித்யா உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வருவேன். அவள் கைக்கு வளையல் போட வேண்டும். அவள் என்னைப் பார்ப்பாள். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

அம்மா